இருநூற்றில் இரண்டு இடம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலை கச்சிராயபாளையத்தையும் வடக்கனந்தலையும் தொட்டுக்கொண்டு, கோமுகி அணையின் பக்கமாக மேலேறி, கரியாலூர் வழியே வெள்ளிமலைக்குப் போகிறது. மலையில் விளையும் புளியும் கடுக்காயும் தேனும் மரவள்ளியும் இந்த அடிவாரத்துக்கு இறங்கி வருகின்றன. ஆசிரியர், செவிலியர், வனக்காவலர், வருவாய்த் துறைப் பணியாளர் என அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் இதே சாலையில் மேலே ஏறுகிறார்கள். சுமையோடு இறங்குகிறவர் யார், கோப்போடு ஏறுகிறவர் யார் என்று பார்த்தால், ஒரு வட்டாரத்தின் வேலைகள் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதன் வரலாறு தெரியத் தொடங்கும். இன்று பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர் கூட்டத்தில் எல்லாச் சமூகத்தாரும், பெண்களும், மாற்றுத்திறனாளிகளும், திருநர்களும் இருக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு வழிகாட்டத் தனி ஆலோசகர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்துகின்றன. இது ஏதோ நேற்று அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சென்னை மாகாணமும் அதன் வழிவந்த தமிழ்நாடும் இந்த வேலையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகின்றன. அன்று அதற்குக் கமிஷன், தேர்வு வாரியம், அரசாணை என்று பெயர். அந்த நீண்ட அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. வெளியாள் ஒருவர் உட்கார்ந்து எண்ணிக் காட்டி, அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஓர் ஆணை நின்றபோது மட்டுமே பணியிடம் மாறியது என்பது ஒன்று. எண்ணும்போது யாருடைய பெயர் தனியே எழுதப்படவில்லையோ அவருக்கு எதுவும் வந்து சேரவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது பாடத்துக்குக் கல்வராயன் மலையைவிடத் தெளிவான சாட்சி தமிழ்நாட்டில் குறைவு.

தொடக்கம் 1854. சென்னை வருவாய் வாரியம் அந்த ஆண்டு பிறப்பித்த 128-ஆம் எண் நிலையாணை, மாவட்டத்தின் கீழ்நிலைப் பதவிகள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் கைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க விடக்கூடாது என்றும், முக்கியமான பதவிகளைப் பல சாதியாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் கலெக்டர்களுக்குச் சொன்னது. கள்ளக்குறிச்சி அப்போது தென் ஆற்காட்டில் இருந்தது. கடலூரில் உட்கார்ந்திருந்த கலெக்டருக்கும் இந்த ஆணை பொருந்தும். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சமத்துவத்தின் மேல் திடீரென்று பற்று வந்துவிடவில்லை. ஒரே குடும்பத்தின் மாமன் மச்சான்கள் ஒரு கச்சேரியில் நிறைந்திருந்தால், கணக்கில் நடக்கும் தில்லுமுல்லு வெளியே வராது என்ற பயம்தான் காரணம். காரணம் எதுவானாலும், ஓர் அலுவலகம் ஒரே வகை ஆட்களால் நிரம்பினால் அது நிர்வாகத்துக்கே கேடு என்ற கருத்து அன்றே ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் அந்த ஆணையில் எண் எதுவும் இல்லை. எத்தனை பேர், எந்தக் காலத்துக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் இல்லை. 'கவனமாக இருங்கள்' என்று கலெக்டருக்குச் சொல்லிவிட்டு, அந்தக் கலெக்டர் யாருடைய வாயால் ஊர் நிலவரத்தைக் கேட்டு அறிகிறாரோ அந்தச் சிரஸ்தாரின் (கச்சேரியின் தலைமை எழுத்தரின்) உறவினரை வேலைக்கு எடுக்காதே என்றால் நடக்குமா? அறுபது ஆண்டு கழித்து எடுத்த கணக்கு, நடக்கவில்லை என்று காட்டியது.

அந்தக் கணக்கை வைத்தவர் அலெக்சாண்டர் கார்டியூ. இஸ்லிங்டன் பிரபு தலைமையில் இந்திய அரசுப் பணிகளை ஆராய வந்த ராயல் கமிஷன் 1913-ல் சென்னையில் சாட்சியம் கேட்டபோது, சென்னை அரசின் அதிகாரியான கார்டியூ எண்களை அடுக்கினார். 1892-க்கும் 1904-க்கும் இடையில் நடந்த மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வுகளில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர். உதவிப் பொறியாளர் தேர்வில் 21-க்கு 17. நிரந்தர மாவட்ட முன்சீப்கள் 128 பேரில் 93 பேர் பிராமணர். மாகாண மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம். 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் பெயரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை இந்த எண்களைத்தான் தன் முதுகெலும்பாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பும் மனக்குறை இருந்தது, பேச்சு இருந்தது, மனுக்கள் இருந்தன. ஆனால் மனக்குறை எண்ணாக மாறிய பிறகுதான் அது அரசியல் கோரிக்கை ஆயிற்று. இன்று ஒரு நிறுவனத்துக்குள் நுழையும் ஆலோசகர் முதலில் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்: எந்தப் படிநிலையில் யார் எத்தனை பேர் என்று எழுதி முதலாளியின் மேசைமேல் வைப்பது. கார்டியூ அதைத் தம் சொந்த அரசின் முன்னால், தம் அரசுக்கே சங்கடம் தரும் விதத்தில் செய்தார். பிராமணரல்லாதாரைக் கொண்டு காங்கிரஸை வலுவிழக்கச் செய்வது வெள்ளையரின் உள்நோக்கம் என்று அன்றும் இன்றும் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் 128-க்கு 93 என்பது யார் வாயால் சொன்னாலும் 93-தான்.

நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்ததும் 1921 செப்டம்பரில் முதல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. 1854 ஆணையின் பரப்பை எல்லாத் துறைகளுக்கும் அது விரித்தது; ஆறு மாதத்துக்கு ஒரு முறை யார் யாரை எடுத்தீர்கள் என்று துறைத் தலைவர்கள் வகுப்புவாரியாகக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றது. இருந்தும் வேகம் இல்லை. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அதே துறைத் தலைவர்களிடம்தான் இருந்தது. 1924-ல் பணியாளர் தேர்வு வாரியம் ஒன்றும், அதன் தொடர்ச்சியாக 1929-ல் சட்டத்தின் மூலம் சென்னை சர்வீஸ் கமிஷனும் வந்தன. இந்திய மாகாணங்களில் இப்படி ஒரு கமிஷனை முதலில் அமைத்தது சென்னைதான். இன்றைய டிஎன்பிஎஸ்சி-யின் வேர் அங்கே இருக்கிறது. இதற்கிடையில் சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார் 1927-ல் கொண்டுவந்த ஆணை பங்கீட்டை எண்ணாக்கியது. ஒவ்வொரு 12 இடத்துக்கும் பிராமணரல்லாத இந்துக்கள் 5, பிராமணர் 2, முஸ்லிம்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 2, தாழ்த்தப்பட்ட வகுப்பார் 1. கவனிக்க வேண்டியது, கணக்கு, கமிஷன், பங்கு ஆகிய இந்த மூன்றும் ஒன்றாக வந்தபோது என்ன நடந்தது என்பது. எண்ணுபவர் வேறு, எடுப்பவர் வேறு, பங்கு முன்கூட்டியே எழுதப்பட்டது. துறைத் தலைவரின் நல்லெண்ணத்தை நம்பியிருக்க வேண்டிய தேவை அத்தோடு குறைந்தது. பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தொடங்கியதற்கு, படித்தால் ஒரு குமாஸ்தா வேலையாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்ற தெம்பு பெரிய காரணம். 1947-ல், தென் ஆற்காட்டு மண்ணின் மனிதரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 12 என்பது 14 ஆயிற்று. பிராமணரல்லாதாருக்குள்ளேயே பின்தங்கிய இந்துக்களுக்கென்று 2 இடம் முதன்முதலாகத் தனியே பிரிக்கப்பட்டது. அரிஜனங்களுக்கு 2 இடம்.

இதற்கு எதிராக எழுந்த வாதம் தகுதி. அது இன்றும் மாறாமல் ஒலிக்கிறது; அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பிறப்பைப் பார்த்து இடம் கொடுத்தால் தனிமனிதனின் உழைப்புக்கு மதிப்பு என்ன என்பது நேர்மையான கேள்வி. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. அதே நாளில் வெங்கடரமணா வழக்கில், முன்சீப் பதவிகளில் அரிஜனங்களுக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் ஒதுக்குவதை மட்டும் ஏற்று, மற்ற வகுப்புப் பங்கீட்டை நீக்கியது. தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, சில வாரங்களிலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. நீதிமன்றம் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். எல்லா வகுப்புக்கும் ஒரு பங்கு என்று பிரித்துவைப்பது ஒன்று. பின்தங்கியவருக்கு வாசல் திறப்பது வேறு. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாடு இரண்டாவதை நோக்கித் திரும்பியது. அது நல்ல திருப்பம். ஆனால் தகுதி வாதம் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. 1892 முதல் பன்னிரண்டு ஆண்டுகளாக, 97 சதவீத மக்களிடையே அறிவுள்ள ஒரே ஒருவர்தான் பிறந்தாரா? தேர்வு எழுதும் மேசைவரை வர முடிந்தவர்களுக்கு இடையில்தான் தேர்வு தரம் பிரிக்கும். மேசைக்கு வராதவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மேசைக்கு வரவே முடியாதவர்கள் கல்வராயன் மலையில் இருந்தார்கள். மலையாளிகள் என்று அழைக்கப்படும் அந்தப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களாக மலை பிரிந்து கிடந்ததை டபிள்யூ. பிரான்சிஸ் 1906-ல் எழுதிய தென் ஆற்காடு கெசட்டியரில் காணலாம். சென்னையில் 12 இடத்தில் யாருக்கு எத்தனை என்று வாதம் நடந்த காலத்திலும், செண்பகம் துரைராஜன் தீர்ப்பு வந்த காலத்திலும், இந்த மலையில் ஜாகிர்தாரே அரசு. மக்கள் அவருக்கு வரி கொடுத்தார்கள். கூலியில்லாமல் வெட்டி வேலையும் செய்தார்கள். இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் 1963-ல் வந்தது, வழக்குகள் நடந்தன, முடிவில் 1976 ஜூன் 25 அன்றுதான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதே ஆண்டில்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வடக்கனந்தலில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் தூரம்தான் அந்த மலை. ஆனால் அடிவாரத்தில் இடஒதுக்கீட்டைப் பயன்படுத்தி ஒரு குடும்பம் இரண்டாம் தலைமுறை அரசு ஊழியரைக் கண்டுகொண்டிருந்தபோது, மேலே இருந்தவருக்கு 'வேலை' என்றால் ஜாகிர்தாரின் ஏர் ஓட்டுவதுதான்.

காகிதத்தில் அவர்களுக்கும் பங்கு இருந்தது என்பதுதான் வேதனை. 1951-ல் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 15 சதவீதம் என்று தொடங்கிய ஒதுக்கீடு 1971-ல் 18 ஆனது. ஒரே பட்டியலில் இருவரும் இருந்தார்கள். சமவெளியின் சேரியில் இருந்தவருக்குத் தீண்டாமை என்ற கொடுமை இருந்தது. ஆனாலும் நடந்துபோகும் தூரத்தில் ஒரு பள்ளியும், பேருந்து ஏறினால் ஒரு கல்லூரியும், உரிமையைக் கேட்டு வாங்க ஒரு இயக்கமும் இருந்தன. மலையில் இருந்தவருக்கு இந்த மூன்றும் இல்லை. இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, 18 சதவீதம் நிரம்பியது என்று கணக்கு எழுதினால், அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அதில் மலை இருக்காது. இதே நோய் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் இருப்பதை 1969-ல் அமைக்கப்பட்ட சட்டநாதன் கமிஷன் கண்டு சொன்னது. பிற்படுத்தப்பட்டோரின் தொகையில் சுமார் 11 சதவீதமே உள்ள ஒன்பது சாதிகள், அந்தப் பிரிவினர் பெற்ற கெசட்டட் பதவிகளில் 48 சதவீதத்தையும் மற்றப் பதவிகளில் 37 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டிருந்தன. மிகவும் பின்தங்கியவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தருமாறு 1970-ல் அது பரிந்துரைத்தது. அரசு மொத்த அளவை 25-லிருந்து 31-ஆக உயர்த்தியது. உள்ளே பிரிக்கும் யோசனையை ஒதுக்கி வைத்தது. சொன்னதில் வசதியானதை எடுத்துக்கொண்டு, வசதியில்லாததை விட்டுவிடுவது ஆலோசனை கேட்கும் எல்லா முதலாளிகளுக்கும் பொதுவான குணம். அரசும் விலக்கில்லை. 1982-ல் அமைந்த அம்பாசங்கர் கமிஷன் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. அதன் அறிக்கையும் வந்து கிடந்தது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வார சாலை மறியலில் 21 உயிர்கள் போன பிறகே, 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20 சதவீதம் பிரிக்கப்பட்டது. அந்த மறியலின் நெருப்பு எரிந்த மாவட்டங்களில் தென் ஆற்காடு முதன்மையானது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கமிஷன் தாளில் எழுதித் தந்ததுதான் அது. அடுத்த ஆண்டு, 1990-ல், பழங்குடியினருக்கு 1 சதவீதம் தனியே எழுதப்பட்டது. எல்லா ஒதுக்கீடுகளும் சேர்ந்து மொத்தம் 69 சதவீதம் ஆனது.

அந்த 1 சதவீதம் அலுவலகத்தில் எப்படி இயங்குகிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. இனச்சுழற்சிப் பதிவேடு 200 வரிசை எண் கொண்டது. பொதுப்போட்டி, ஆதிதிராவிடர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே யாருடைய முறை என்று எழுதியிருக்கும். போன முறை எந்த எண்ணில் நிறுத்தினார்களோ, அடுத்த நியமனம் அதற்கடுத்த எண்ணிலிருந்து தொடரும். இருநூறில் பழங்குடியினருக்கு இரண்டே முறை. மாநிலம் முழுவதுக்கும் ஆயிரக்கணக்கில் எடுக்கும் தேர்வில் இது வேலை செய்யும். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ காலியிடம் வரும் சிறிய அலுவலகத்தில், தன் முறை வருவதற்குள் ஒரு பழங்குடிப் பட்டதாரிக்கு வயது கடந்துவிடும். மக்கள்தொகையில் அவர்கள் பங்கும் ஏறத்தாழ 1 சதவீதம்தானே, அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று சொல்லலாம். மாநில அளவில் அது சரி. ஆனால் வெள்ளிமலையில் இருக்கும் அலுவலகத்துக்கு வரும் மக்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். மாநில விகிதத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் அது அந்த இடத்தின் விகிதம் ஆகாது. பட்டியலின் கோடு எங்கே விழுகிறது என்பதிலும் இதே சிக்கல். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டின் சுமார் 8 லட்சம் பழங்குடியினரில் ஏறத்தாழ 3.5 லட்சம் பேர் மலையாளிகள்; மிகப் பெரிய பழங்குடி அவர்களே. பழைய சேலம், தென் ஆற்காடு, வட ஆற்காடு, தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் அவர்கள் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளி அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே மக்கள், மாவட்ட எல்லையைத் தாண்டினால் உரிமை மாறிவிடுகிறது.

பெயர் எழுதப்படாதவருக்கு வேலை இல்லை என்பதை இன்னும் கூர்மையாகக் காட்டிய வழக்கு 2015-ல் வந்தது. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினியின் மனுவைச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நிராகரித்தது. விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களே இருந்தன. 2008-லேயே இந்தியாவில் முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது; ஆண்டுதோறும் சித்திரையில் ஆயிரக்கணக்கான திருநங்கையர் கூடும் கூவாகம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாராட்டும் வாரியமும் இருந்தும் படிவத்தில் கட்டம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2015 நவம்பரில் ஆணையிட்ட பிறகு, 2017-ல் அவர் பணியில் சேர்ந்தார். மலையாளிப் பட்டதாரிக்கும் பிரித்திகாவுக்கும் நடந்தது ஒன்றே: வாசலில் யாரும் வழிமறிக்கவில்லை, உள்ளே போகத் தங்களுக்கென்று ஒரு வரி இல்லை.

இனி தனியார் துறை. இங்கேதான் இன்றைய ஆலோசகர் வருகிறார். அமெரிக்காவில் 1961-ல் கென்னடி பிறப்பித்த ஆணையும், 1964-ன் குடிமை உரிமைகள் சட்டமும், 1965-ல் ஜான்சனின் 11246-ஆம் ஆணையும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின. 1980-களில் ரீகன் ஆட்சியில் அந்தக் கட்டாயம் தளர்ந்தபோது, சட்டத்தின் இடத்தைப் 'பன்முகத்தன்மை மேலாண்மை' என்ற தொழில் பிடித்துக்கொண்டது. 1984-ல் ரூஸ்வெல்ட் தாமஸ் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். பயிலரங்கும் கையேடும் ஆலோசகரும் பெருகினர். அது பயன் தந்ததா என்று ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ், எரின் கெல்லி என்ற மூன்று சமூகவியலாளர்கள் 708 நிறுவனங்களின் 1971 முதல் 2002 வரையான பதிவுகளை எடுத்துப் பார்த்து 2006-ல் எழுதினார்கள். மேலாளர்களின் மனத்தை மாற்றுவதற்காக நடத்திய பயிற்சிகள் மிகக் குறைந்த பலனையே தந்தன. குறிப்பிட்ட ஒருவரைப் பொறுப்பாக்கி, அவரிடம் கணக்குக் கேட்ட நிறுவனங்களில்தான் கறுப்பின மக்களும் பெண்களும் மேலாளர் பதவிக்கு வந்தது கூடியது. 1854-க்கும் 1927-க்கும் இடையில் சென்னை கற்றுக்கொண்டதும் இதுவே. 2025 ஜனவரியில் ட்ரம்ப் 11246-ஆம் ஆணையை ஒரே கையெழுத்தில் நீக்கியதும், அமெரிக்கப் பெருநிறுவனங்கள் பல தங்கள் திட்டங்களைச் சுருட்டிவைத்த வேகம், பின்னால் சட்டம் இல்லாத நல்லெண்ணத்தின் ஆயுள் எவ்வளவு என்று காட்டியது.

இந்தியத் தனியார் துறையில் அந்த அளவுக்குக்கூடக் கட்டாயம் இல்லை. 2006-ல் ஒதுக்கீடு பற்றிய பேச்சு எழுந்தபோது, ஜே.ஜே. இரானி தலைமையில் தொழில் கூட்டமைப்புகள் குழு அமைத்து, தாமாகவே செய்கிறோம் என்று நடத்தை விதி எழுதிக்கொண்டன. சந்தைக்குச் சாதி தெரியாது என்பது அவர்கள் வாதம். 2007-ல் வெளியிட்ட ஆய்வுக்காகச் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 548 வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள, பெயர் மட்டும் மாறிய 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தமிழ்நாட்டில் சாதிப் பெயரை ஒட்டிக்கொள்வதில்லை, எனவே இது நமக்குப் பொருந்தாது என்று சொல்வோர் உண்டு. பெயரில் இல்லாததை ஊரிலும் தெருவிலும் அப்பாவின் தொழிலிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள நேர்முகத் தேர்வு போதும். மனிதவள அதிகாரிகள் 'குடும்பப் பின்னணி'யை எவ்வளவு ஆவலாகக் கேட்கிறார்கள் என்பதை அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பதிவு செய்தார்கள். ஆனால் ஆலோசகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்றும், அதில் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வெளியாள் சட்டம் அமர்த்திய ஆலோசகர். முதலாளி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவர் அங்கே உட்கார்ந்திருப்பார். ஆலோசகர் தொழில் இந்த வழியில் வளர்ந்தால் அதை வரவேற்க வேண்டும்.

கணக்கெடுப்பு ஊழியர்களைச் சாதிவாரியாகப் பிளக்கும், ஒற்றுமையைக் கெடுக்கும் என்ற அச்சம் தொழிற்சங்கத் தோழர்களிடம்கூட இருக்கிறது. அதைப் புறக்கணிக்கக் கூடாது. அருந்ததியருக்கு 18-க்குள் 3 சதவீதம் என்று நீதிபதி ஜனார்த்தனம் அறிக்கையின் பேரில் 2009-ல் சட்டம் வந்தபோதும் இந்த அச்சம்தான் பேசப்பட்டது. அந்த முறை செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பால் உறுதியானது. பிரித்து எண்ணியதால் அந்தச் சமூகங்களுக்கு இடையில் புதிதாகப் பகை முளைக்கவில்லை. துப்புரவுப் பணிக்கு மட்டுமே தேவைப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். எண்ணாமல் விட்டதால் வந்த கேட்டுக்கோ கல்வராயன் மலையே சாட்சி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. மலையில் சாராயம் காய்ச்சுவது பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று மலை மக்களைக் குற்றம் சொல்வது எளிது. சென்னை உயர் நீதிமன்றம் அப்படிச் செய்யாமல், அங்கே சாலையும் பள்ளியும் மருத்துவமும் வேலையும் ஏன் இல்லை என்று தானாக முன்வந்து வழக்கெடுத்துக் கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இப்போது ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 115-ஆம் எண் அரசாணையால் மனிதவளச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்து, கீழ்நிலைப் பணிகளை வெளி முகமைகள் மூலம் நிரப்புவது பற்றி ஆராயச் சொன்னது. இனச்சுழற்சியே இல்லாமல் போய்விடும் என்று ஊழியர் சங்கங்கள் எழுந்து நின்றன. அரசு அந்த ஆய்வு வரம்புகளைத் திரும்பப் பெற்றது. ஆனால் குழு இல்லாமலே ஒப்பந்தப் பணி பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் 200 வரிசை எண் இல்லை. நூற்றாண்டாகக் கட்டியதை ஒரே ஒரு கையெழுத்துகூட இல்லாமல் கலைத்துவிடக்கூடிய வழி இது.

மறுபக்கம், 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் உளுந்தூர்பேட்டையில் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் செய்தது. 20,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி மாவட்ட வரலாற்றில் இவ்வளவு பெரிய தனியார் பணியிடம் வந்ததில்லை. அதில் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த எண்ணைக் காட்டி நிறுவனமும் அரசும் பெருமைப்படும், படட்டும். பெண்கள் என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் மலையிலிருந்து வந்த பெண் எத்தனை பேர், மேற்பார்வையாளர் ஆனவர் எத்தனை பேர் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நிலமும் சலுகையும் மின்சாரமும் பொதுப்பணத்தில் கொடுக்கும் அரசு, அதற்கு ஈடாக ஆண்டுக்கொரு முறை வட்டாரம், சமூகம், பாலினம், படிநிலை வாரியாக ஊழியர் கணக்கை வெளியிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதலாம். அதைச் சரிபார்க்க வெளியாள் ஒருவரை அரசே நியமிக்கலாம். வடக்கனந்தல், கச்சிராயபாளையம், வெள்ளிமலை, கரியாலூர் ஆகிய ஊர்களின் கிராம சபைகளும் பேரூராட்சியும் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியருக்கு இப்போதே அனுப்ப வேண்டும்.